எண்டோஸ்கோப்பிக் கருவி எப்படித் தூய்மையாகிறது

எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வருபவர்களில் சிலர், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கும் முன் சற்றுத் தயங்கி, "இந்தக் குழாய் எனக்கு முன்னால் வேறு யாருக்கோ போட்டதுதானே?" என்று கேட்பதுண்டு. எண்டோஸ்கோப்பிப் பிரிவில் செவிலியாகப் பணிபுரிபவள் நான். கருவிகளைக் கழுவும் அறையும் என் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியை வீண் பயம் என்று என்னால் ஒதுக்க முடிவதில்லை. ஆம், அதே கருவிதான். ஒரே நாளில் பலருடைய வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் சென்று வரும் கருவிதான். அப்படியிருந்தும் ஒருவருடைய கிருமி மற்றவருக்குப் போகாமல் இருக்கிறதென்றால், இரண்டு நோயாளிகளுக்கு இடையே அந்தக் கருவிக்கு என்ன செய்யப்படுகிறது என்பதே அதற்குக் காரணம். அந்த வேலையைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எண்டோஸ்கோப்பிக்குப் பின் வரும் தொற்றுகள் எல்லாம் கருவியிலிருந்து வருபவை அல்ல. பலவற்றுக்கு நோயாளியின் உடலிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தாம் காரணம். அடைபட்ட பித்தநாளத்துக்குள் இ.ஆர்.சி.பி. (வாய்வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பித்தநாளத்தைப் பார்த்துச் சீராக்கும் முறை) செய்யும்போது எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் மருந்தைச் செலுத்திவிட்டு, பித்தம் முழுமையாக வடியாமல் போனால், உள்ளேயே தேங்கிய கிருமிகள் பெருகிக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். சுருங்கிய உணவுக்குழாயை விரிக்கும்போது சிறிது நேரம் இரத்தத்தில் பாக்டீரியாக்கள் கலப்பதும் அறிந்ததே. இதைக் கேட்டு இதய வால்வு நோயுள்ளவர்கள் அஞ்சுவார்கள். ஆனால் சாதாரணமாகப் பல் துலக்கும்போதும் இதேபோல் இரத்தத்தில் பாக்டீரியாக்கள் கலக்கின்றன, பல நேரங்களில் கொலோனோஸ்கோப்பியில், அதாவது பெருங்குடல் எண்டோஸ்கோப்பியில், கலப்பதைவிட அதிகமாகவே. அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல், இதய உட்சுவர் அழற்சியைத் தடுப்பதற்காக மட்டும் குடல் எண்டோஸ்கோப்பிக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்கத் தேவையில்லை என்று அறிவித்தது. வயிற்றுச் சுவரில் துளையிட்டு, உணவு செலுத்துவதற்கான குழாயைப் பொருத்தும்போதும், பித்தம் முழுமையாக வடியாது என்று முன்கூட்டியே தெரியும் இ.ஆர்.சி.பி.யிலும் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். இவ்வகைத் தொற்று மருத்துவரின் முடிவுகளைப் பொறுத்தது. என் அறையைப் பொறுத்தது மற்ற வகை: ஒரு நோயாளியிடமிருந்தோ, கழுவும் தண்ணீரிலிருந்தோ, கருவி வழியாக அடுத்தவருக்குச் செல்லும் தொற்று.

இது கற்பனையான ஆபத்தன்று. 1993-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவானவற்றைத் திரட்டியபோது, இரைப்பை குடல் எண்டோஸ்கோப்பி வழியாகப் பரவிய 281 தொற்றுகளைக் கண்டது. சால்மொனெல்லா, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாக்களால் வந்தவை அவற்றில் முதன்மையானவை. 1997-இல் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு அறிக்கையை எங்கள் துறையில் பலர் அறிவார்கள்: ஒரே நாளில் ஒரே கருவியால் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்ட ஒருவரிடமிருந்து மற்ற இருவருக்கு ஹெபடைடிஸ் சி பரவியிருந்தது, வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டபோது உறுதியானது. விசாரித்தபோது, திசு எடுக்கும் உட்குழலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்க்கவே இல்லை என்பதும், திசு எடுக்கும் கருவிகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமிகளைக் கொல்லும் கலன்) வைக்கவில்லை என்பதும் தெரியவந்தன. கருவியைக் கிருமிநாசினியில் ஊற வைத்திருந்தார்கள். ஊறவைத்தது போதவில்லை.

அதே காலத்தில் சொல்லப்பட்ட ஒரு கணக்கு, தொற்று பரவும் வாய்ப்பு 18 லட்சம் எண்டோஸ்கோப்பிக்கு ஒன்றுதான் என்பது. இன்றும் சில கையேடுகளில் அந்த எண் ஆறுதலாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். அதை நம்பி ஓய்வெடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. வெளிநோயாளியாக வந்தவர் ஒருமணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஹெபடைடிஸ் சி ஆண்டுக்கணக்கில் ஓர் அறிகுறியும் காட்டாமல் கல்லீரலில் தங்கியிருக்கும். மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியா ஒருவர் குடலில் குடியேறி, மாதங்கள் கழித்து வேறொரு நோய்க்காக அவர் மருத்துவமனையில் சேரும்போதுதான் சிறுநீரிலோ இரத்தத்திலோ வெளிப்படும். அப்போது பழைய எண்டோஸ்கோப்பியை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, புறநோயாளி மையங்களில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களுக்கு ஏழு நாட்களுக்குள் வந்த தொற்றுகளை மருத்துவமனைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது. நோயறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்த கொலோனோஸ்கோப்பியில் ஆயிரத்துக்கு 1.1, இரைப்பை எண்டோஸ்கோப்பியில் ஆயிரத்துக்கு 3 என்று அது கண்டது. இந்த எண்களில் நோயாளியின் சொந்தக் கிருமியால் வந்தவையும் அடங்கும். எல்லாவற்றையும் கருவியின் தலையில் போட முடியாது. ஆனாலும் தேடினால் கிடைக்கிறது என்பது இதிலிருந்து புரிகிறது.

அறுவைக் கருவிகளைப் போல இதையும் ஆட்டோகிளேவில் வைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 121 அல்லது 134 டிகிரி நீராவியில் எஃகுக் கத்தரிக்கோல் தாங்கும். எண்டோஸ்கோப் தாங்காது. வளையும் பாலிமர் உறை, அதை ஒட்டியிருக்கும் பசை, நுனியிலுள்ள லென்ஸ், படம் பிடிக்கும் மின்னணுச் சில்லு என்று எல்லாமே அந்த வெப்பத்தில் பாழாகும். எத்திலீன் ஆக்சைடு வாயு வெப்பமின்றிக் கிருமிகளை அழிக்கும் என்றாலும், அந்த நச்சு வாயு கருவியைவிட்டு முழுவதும் வெளியேற மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் வகுத்த பாகுபாட்டின்படி, உடலின் தூய திசுவுக்குள் நுழையும் கருவி கிருமி அறவே இன்றி இருக்க வேண்டும். கிழியாத சளிச்சவ்வைத் தொடும் கருவிக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் போதும். எண்டோஸ்கோப் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. உயர்நிலைக் கிருமிநீக்கம் பாக்டீரியா, காசநோய்க் கிருமி, வைரஸ், பூஞ்சை ஆகியவற்றைக் கொல்லும். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பாக்டீரிய வித்துகளில் சில தப்பலாம். ஆனால் சவ்வைக் கிழித்துத் திசு எடுக்கும் பயாப்சி இடுக்கி முதல் வகை. அது கிருமியற்ற உறையிலிருந்து புதிதாக வர வேண்டும், ஒரு முறை பயன்படுத்தியதும் எறியப்பட வேண்டும்.

இங்கேதான் கணக்கு முக்கியமாகிறது. குடலுக்குள் சென்று வந்த ஒரு கொலோனோஸ்கோப்பின் உட்குழலில் ஒரு கோடி முதல் ஆயிரம் கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். நன்றாகக் கழுவித் தேய்த்தால் அந்த எண்ணிக்கை நூறில் ஒரு பங்கிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை குறையும். அதன்பின் கிருமிநாசினி, மீந்தவற்றை மேலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்கும். இரண்டும் ஒழுங்காக நடந்தால் எதுவும் மிஞ்சாது, அல்லது மிகச் சில மிஞ்சும். கழுவுவதை அரைகுறையாக விட்டுவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கிருமிநாசினியை ஊற்றினாலும் ஆயிரக்கணக்கில் உயிரோடு மிஞ்சும். கிருமிநாசினி தொட்டால்தான் கொல்லும். சளிக்கும் இரத்தத்துக்கும் அடியில் ஒளிந்திருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. பார்வையிட வருபவர்கள் எப்போதும் கிருமிநாசினியின் பெயரைக் கேட்கிறார்கள், இயந்திரத்தின் விலையைக் கேட்கிறார்கள். கழுவும் தொட்டியருகே நின்று பிரஷை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை.

வேலை நோயாளியின் கட்டிலருகிலேயே தொடங்குகிறது. மருத்துவர் கருவியை வெளியே எடுத்த கையோடு, சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உறிஞ்சும் குழல் வழியாக அதே கரைசலை இழுத்து, காற்றும் நீரும் செல்லும் குழல்களில் நீரைப் பாய்ச்ச வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் கையால் கழுவுவது தொடங்கிவிட வேண்டும். எச்சில் காய்ந்த பாத்திரத்தைத் தேய்ப்பது எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத, இரண்டேமுக்கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு நீண்ட குழலுக்குள் சளி காய்ந்துவிட்டால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் கடைசியாகச் செய்த கருவியைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுக்கொள்வதில்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. கருவிக்குள் காற்றழுத்தம் கொடுத்து, நீரில் அமிழ்த்தி, நுனியை நாலாபுறமும் வளைத்து, குமிழி எழுகிறதா என்று பார்க்கிறோம். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் நீரும் கிருமியும் உள்ளே புகும். பிறகு எந்தக் கிருமிநாசினியும் அந்த இடத்தை எட்டாது. குமிழி வந்தால் கருவி அன்றைய வேலையிலிருந்து விலக்கப்படும், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி.

பிறகு எல்லா வால்வுகளையும் கழற்றி, நொதிகள் கலந்த சோப்புக் கரைசலில் கருவியை முழுவதும் அமிழ்த்தி, நீருக்கடியிலேயே தேய்க்க வேண்டும். மேலே எடுத்துத் தேய்த்தால் துளிகள் தெறித்து நம் முகத்துக்கே வரும். குழலின் அகலத்துக்குப் பொருந்தும் பிரஷ் வேண்டும். சிறியதாக இருந்தால் சுவரைத் தொடாமல் போய் வரும், பெரியதாக இருந்தால் சுவரைக் கீறிவிடும். அந்தக் கீறலே அடுத்த கிருமிக்கு வீடாகும். பிரஷ் மறுமுனையில் வெளிவரும் ஒவ்வொரு முறையும் அதன் மயிர்களைக் கழுவிவிட்டுத்தான் திரும்ப இழுக்க வேண்டும். அழுக்கின்றி வெளிவரும்வரை இது தொடரும். காற்று, நீர்க் குழல்கள் பிரஷ் நுழையாத அளவுக்குக் குறுகியவை. கரைசலை அழுத்தத்தோடு பாய்ச்சுவது ஒன்றே அங்கே வழி. ஒரு கருவிக்குப் பயன்படுத்திய கரைசலை அடுத்த கருவிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் முடிந்தபின் நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடியால் நுனியையும் வால்வுக் குழிகளையும் பார்க்க வேண்டும். இப்போது உட்குழலுக்குள் செலுத்திப் பார்க்கும் மெல்லிய கேமராக்களும் கிடைக்கின்றன. தூய்மையானவை என்று நாம் நம்பிய குழல்களில் கீறல்களையும் கறைகளையும் நீர்த்துளிகளையும் அவை காட்டுகின்றன.

கிருமிநாசினிகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது 2 சதவீத குளுட்டரால்டிஹைடு. நன்கு கழுவிய கருவி 20 டிகிரி வெப்பநிலையில் 20 நிமிடம் அதில் மூழ்கியிருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. பின்னர் வந்த 0.55 சதவீத ஆர்த்தோ தாலால்டிஹைடுக்கு அமெரிக்காவில் 12 நிமிடம். பெராசெடிக் அமிலம் பல இயந்திரங்களில் பயன்படுகிறது. எதுவானாலும் தயாரிப்பாளர் குறித்த நேரம், வெப்பநிலை, செறிவு ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பலமுறை பயன்படுத்தும் கரைசல் ஒவ்வொரு கருவியோடும் சிறிது நீர்த்துப்போகும். அதனால் செறிவைக் காட்டும் சோதனைத் தாளை நனைத்துப் பார்க்காமல் காலாவதித் தேதியை மட்டும் நம்புவது ஆபத்து. குளுட்டரால்டிஹைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது புரதத்தை உறையச் செய்து பரப்பில் ஒட்டவைத்துவிடும். சரியாகக் கழுவாத கருவியை அதில் போட்டால் அழுக்கை நாமே நிலைநிறுத்தியதாகும். அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிப்பதோடு, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவையும் தருகிறது. கருவியை நன்றாக அலசாவிட்டால் எஞ்சிய இரசாயனம் நோயாளியின் பெருங்குடலைப் புண்ணாக்கி, இரத்தக் கழிச்சலை உண்டாக்கும். கழுவும் அறைக்குக் காற்றோட்டம் கேட்பதை ஆடம்பரமாகப் பார்க்கும் நிர்வாகங்கள் இதை அறிய வேண்டும்.

தானியங்கிக் கழுவும் இயந்திரம் இந்தப் படியில் பேருதவி செய்கிறது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து மையங்களில் பணியாளர்கள் வேலை செய்வதை நேரில் கவனித்தபோது, கையாலேயே அனைத்தையும் செய்த கருவிகளில் 1.4 சதவீதத்துக்கு மட்டுமே எல்லாப் படிகளும் விடுபடாமல் நடந்திருந்தன. இயந்திரத்தின் துணையோடு செய்தவற்றில் 75.4 சதவீதம். பணியாளர்களின் சோம்பலை இந்த எண்களில் நான் பார்க்கவில்லை. படிகள் அத்தனை, நேரம் அவ்வளவு குறைவு, அவசரப்படுத்தும் குரல்கள் அத்தனை. இருந்தாலும் இயந்திரத்தின் இணைப்புக் குழாயைத் தவறான துளையில் பொருத்தினால் ஒரு குழல் முழுவதும் கிருமிநாசினியைக் காணாமலேயே வெளிவரும். கையால் தேய்க்கும் வேலையை எந்த இயந்திரத்திடமும் முழுவதுமாக ஒப்படைத்துவிடவும் முடியாது.

உலர்த்துவதை எல்லோரும் சிறிய வேலையாக எண்ணுகிறார்கள். எனக்கோ கழுவுவதற்கு அடுத்தபடி கவலை தருவது இதுதான். கிருமிநீக்கம் நூற்றுக்கு நூறு நடந்த கருவியிலும், அலசிய நீர் ஒரு துளி குழலுக்குள் தங்கிவிட்டால், அதிலிருக்கும் ஒன்றிரண்டு சூடோமோனாஸ் இரவெல்லாம் பெருகும். ஈரமான சுவரில் அவை ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் படலம் ஒருமுறை உருவாகிவிட்டால் கிருமிநாசினி அதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. பிரஷ்கூட அதை முழுவதும் பெயர்ப்பதில்லை. குடலில் நுரையை அடக்கச் சேர்க்கும் சிமெத்திகோன், நீரில் கரையாமல் குழலில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதும் அண்மைக்காலத்தில் தெரியவந்தது. எனவே வடிகட்டிய அழுத்தக் காற்றை எல்லாக் குழல்களிலும் செலுத்த வேண்டும். அமெரிக்காவின் 2021-ஆம் ஆண்டு நெறிமுறை இதற்குக் குறைந்தது பத்து நிமிடம் என்கிறது. பல இடங்களில் 70 சதவீத ஆல்கஹாலையும் முன்னதாகப் பாய்ச்சுகிறார்கள். அதன்பின் வால்வுகளைப் பொருத்தாமல், கருவியை நேராகத் தொங்கவிட்டு, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த பெட்டியில் சுருட்டி வைப்பது அனுப்பி எடுப்பதற்கு மட்டுமே.

இவ்வளவையும் செய்தபின்னும் தொற்று பரவிய ஒரு கருவி உண்டு. இ.ஆர்.சி.பி.க்குப் பயன்படும் டியோடினோஸ்கோப்பின் நுனியில், உபகரணங்களை மேல்நோக்கித் திருப்ப ஒரு சிறு தூக்கி இருக்கிறது. அதன் பின்புறமுள்ள இடுக்குகளுக்குள் பிரஷ் எளிதில் போவதில்லை. 2012-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் இவ்வகைக் கருவியால் பரவியது. 2013-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கார்பபெனெம் என்ற வலிமையான ஆன்டிபயாடிக்குகளையும் வெல்லும் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா பரவியபோது, தூய்மை செய்யும் முறையில் விசாரணையாளர்களால் குறை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2015 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் ஏழு பேருக்குத் தொற்று உறுதியாகி, அவர்களில் இருவர் இறந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அறிவிக்கப்பட்டபோதுதான் உலகம் கவனித்தது. அமெரிக்க செனட்டின் அறிக்கை ஒன்று, 2012-க்கும் 2015-க்கும் இடையே உலகெங்கும் குறைந்தது 25 பரவல்களில் 250 பேராவது பாதிக்கப்பட்டதாக 2016-இல் தெரிவித்தது.

இந்த நிகழ்வுகள் என்னைப் போன்றவர்களின் எண்ணத்தை மாற்றின. அதுவரை தொற்று என்றாலே கழுவியவரைத்தான் முதலில் குற்றவாளியாக்குவார்கள். கழுவ முடியாதபடி ஒரு கருவியை வடிவமைத்துவிட்டு, கழுவவில்லை என்று ஒருவரைக் குறை சொல்வது எப்படி நியாயமாகும்? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தி நடத்திய கள ஆய்வில், 2019-இல் வெளியான முடிவுகளின்படி, பயன்பாட்டுக்குத் தயாரான டியோடினோஸ்கோப்புகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் 5.4 சதவீதம் வரை ஈ.கோலி போன்ற கவலைக்குரிய கிருமிகள் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், நுனி மூடியையாவது ஒருமுறை பயன்படுத்தி எறியும் வடிவங்களுக்கு மாறுமாறு அந்நிர்வாகம் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில் முழுவதுமே எறிந்துவிடும் முதல் டியோடினோஸ்கோப்புக்கு அனுமதி கொடுத்தது. எறியும் கருவி விலையிலும் குப்பையிலும் சுமைதான். மருந்துக்கு அடங்காத கிருமி உடலில் இருப்பது தெரிந்தவருக்கும், எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவருக்கும் அதைப் பயன்படுத்துவது சரியென்று நினைக்கிறேன். எல்லோருக்கும் எறியும் கருவி என்பது பல நாடுகளில் யாருக்கும் எண்டோஸ்கோப்பி இல்லை என்பதாகவே முடியும்.

நோயாளிகள் இதில் என்ன கேட்கலாம்? கிருமிநாசினியின் பெயரைக் கேட்பதைவிட, கருவிகளைக் கழுவுவதற்கென்றே பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, ஒரு நாளில் நடக்கும் எண்டோஸ்கோப்பிகளுக்கு ஏற்றபடி கருவிகளின் எண்ணிக்கை இருக்கிறதா, பயாப்சி இடுக்கி புதியதா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி மிகவும் பயன்படும். இரண்டே கருவிகளை வைத்துக்கொண்டு காலை முதல் இடைவிடாமல் எண்டோஸ்கோப்பி நடக்கும் இடத்தில், நான் மேலே எழுதிய படிகளுக்கெல்லாம் நேரம் எங்கிருந்து வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பரிசோதனை முடிந்து ஓரிரு நாளில் குளிர்க்காய்ச்சலோ, மஞ்சள் காமாலையோ, கடும் வயிற்றுவலியோ வந்தால் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மாதங்கள் கழிந்திருந்தாலும் சொல்லுங்கள்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் எதிரே கருவியின் வரிசை எண், அதைக் கழுவியவர் பெயர், கசிவுச் சோதனை முடிவு, கிருமிநாசினியின் தொகுதி எண், சோதனைத் தாளின் முடிவு, இயந்திரத்தின் சுழற்சி எண் ஆகிய அனைத்தும் எழுதப்பட வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகள் சிலவற்றில், எண்டோஸ்கோப்பிக் கருவிகளின் நீர்க்குழாய் இணைப்பிலும் தூய்மை முறையிலும் குறைகள் இருந்தது தெரிந்ததும், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்பி ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைக்க வேண்டியிருந்தது. எந்தக் கருவி எந்த நாளில் யாருக்குப் பயன்பட்டது என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில், அப்படியொரு குறை தெரியவரும்போது அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒரு மணி நேரத்தில் கையில் இருக்கும். எழுதி வைக்காத இடத்தில் எல்லோரையும் அழைக்க வேண்டும், அல்லது யாரையும் அழைக்க முடியாது.